மண்ணறையும் ஆய்வுகூடமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



எங்கள் மாமியின் பேத்தி உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, பல்கலைக்கழக விஞ்ஞான பீடமொன்றுக்குத் தெரிவாகியிருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ். செய்தி கிடைத்த அன்று மாலை குடும்பத்தார் யாவரும் ஒன்றுகூடினோம். பிள்ளைக்காக துஆச் செய்து இனிப்புப் பகிர்ந்துகொண்டிருந்த வேளையில், எங்கள் பெரியவாப்பா தலையைக் குனிந்தவாறே ஒரு வினாவை எழுப்பினார்.

"நம்மட மையித்தை எரிக்கச் சொன்னதும் இந்தப் படிப்புப் படிச்ச ஆக்கள்தானே?"

எவரும் மறுமொழி கூறவில்லை. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. பெரியவாப்பா கடுமையான மனிதர் அல்லர்; அவளது படிப்புக்காக மாதந்தோறும் பணம் அனுப்பியவரும் அவரே. ஆயினும் அவருள் ஆறாமலிருந்த ஒரு புண் அன்று வாய்திறந்தது. அந்தப் புண் இலங்கை முஸ்லிம்களாகிய நம் எல்லோருள்ளும் இருக்கிறது. அவருக்கு அன்று கூற இயலாமற்போன மறுமொழியை இங்கு எழுத முயல்கிறோம்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் மாமிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. வைத்தியசாலைக்கு அழைத்தபோது, கட்டிற்சட்டத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அவர் வர மறுத்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா எரிச்சிப் போடுவாங்க மகன். இந்த ஊட்டுலயே மவுத்தானா மண்ணுக்குள்ள வைப்பீங்க" என்றார். மரணத்தை அவர் அஞ்சவில்லை. குளிப்பாட்டப்படாமல், கபனிடப்படாமல், ஜனாஸாத் தொழுகையின்றி நெருப்புக்குள் செல்வதையே அஞ்சினார். அல்லாஹ்வின் கிருபையால் அவர் அன்று பிழைத்தார். எனினும் சிகிச்சை தாமதித்ததன் விளைவை அவரது நுரையீரல் இறுதிவரை சுமந்தது. பின்னர் 2023இல் அவர் மவுத்தானபோது, எங்கள் ஊர் மையவாடியில் அவரை நல்லடக்கம் செய்தோம். அந்த மண்ணைக் கைகளால் அள்ளியிட்டபோது எங்களுக்கு அழுகையோடு ஓர் ஆறுதலும் வந்தது. அக்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த ஆறுதலின் பொருள் விளங்கும்.

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். 2020 மார்ச் மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, கொவிட் நோயால் இறந்தோரை அடக்கம் செய்யவும் தகனம் செய்யவும் இடமளித்தது. தொற்றுநோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும் அது தெளிவுபடுத்தியிருந்தது. நமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டியும் அடக்கத்தைத் தடுக்கவில்லை. மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பில் முஸ்லிம் ஒருவர் இந்நோயால் மரணித்தார். முஸ்லிம்களுள் நிகழ்ந்த முதலாவது கொவிட் மரணம் அது. அவரது ஜனாஸா எரிக்கப்பட்டது. அதையடுத்து வழிகாட்டி மாற்றப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், தகனத்தை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பம், குறைந்தது 45 நிமிடங்கள் என அளவுகள் அதில் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தன. எவ்வளவு வெப்பத்தில் எரிக்க வேண்டும் என்பதற்கு எண் இருந்தது. ஏன் எரிக்க வேண்டும் என்பதற்கான சான்று மட்டும் மக்கள் முன் வைக்கப்படவில்லை.

காரணமாகக் கூறப்பட்டது நிலத்தடி நீர். நமது நாட்டின் பல பகுதிகளில் நீர்மட்டம் உயர்வாக உள்ளது. உடலிலிருந்து வைரஸ் கசிந்து நீரில் கலக்கலாம் என்றனர். கேட்பதற்கு இது விஞ்ஞானம் போலவே ஒலித்தது. ஆயினும் வைரஸ் உயிருள்ள உயிரணுவுக்குள் மட்டுமே பெருகக்கூடியது. உடல் இறந்தபின் அது பெருகுவதில்லை, படிப்படியாகச் சிதைந்துபோகிறது. மேலும், இந்நோய் முதன்மையாகச் சுவாசத்தின் வழியே பரவுவது. நீரைப் பற்றிய அச்சம் உண்மையாயின், உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கழிவறைகளிலிருந்து வெளியேறிய நீரைப் பற்றியே முதலில் கவலைப்பட்டிருக்க வேண்டும். சுற்றிக் கட்டப்பட்டு ஆழப் புதைக்கப்படும் ஒரு மையித்து அதற்கு எவ்வகையிலும் ஈடாகாது.

இதனை முஸ்லிம்கள் மட்டும் கூறவில்லை என்பதைப் பெரியவாப்பாவுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். பேராதனையில் மருத்துவம் பயின்று, 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸை இனங்கண்ட குழுவில் முன்னின்ற பேராசிரியர் மலிக் பீரிஸ், அடக்கத்தால் நிலத்தடி நீருக்கு ஆபத்து நேரும் என்ற கருத்தை வெளிப்படையாக மறுத்தார். 2020 டிசம்பர் இறுதியில் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும், அடுத்த மாதத் தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் எனக் கூறின. அரசே நியமித்த இரண்டாவது நிபுணர் குழுவும் உரிய பாதுகாப்பு நெறிகளுடன் அடக்கத்துக்கு இடமளிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. இவர்களுட் பெரும்பாலோர் நம் சமூகத்தவர் அல்லர். அவர்கள் தமது துறைக்கு நேர்மையாக நின்றார்கள். அதுவே நமக்கு நீதியாக அமைந்தது.

அப்படியாயின் அந்த நெருப்பு ஏன் அணையவில்லை? கொள்கை வகுப்போர் விஞ்ஞானத்திடம் எவ்வாறு வினவுகிறார்கள் என்பதில் இதற்கான விடை இருக்கிறது. "அடக்கம் செய்வதால் ஆபத்து உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறதா?" என்று கேட்டால், இல்லை என்பதே விடையாகும். "ஆபத்து அறவே இல்லையென உறுதி கூற முடியுமா?" என்று கேட்டாலோ, நேர்மையான எந்த விஞ்ஞானியும் தயங்கவே செய்வார். முழு உறுதி என்பது விஞ்ஞானத்தின் மொழி அன்று. அந்தத் தயக்கத்தை எடுத்துக் கொள்கையின் அடித்தளமாக்கிவிட்டால், அறிஞரின் பணிவே அநீதிக்குச் சாட்சியாகிவிடுகிறது. இந்த இரண்டாம் வினா தகனத்தை நோக்கியோ, திறந்திருந்த சந்தைகளை நோக்கியோ எழுப்பப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

2020 டிசம்பர் 1ஆம் திகதி, இக்கொள்கையை எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்காமலே பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளுபடி செய்தது. அம்மாதமே, பிறந்து இருபது நாள்களேயான ஒரு சிசுவின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்களோடு சிங்களவர், தமிழர், கிறிஸ்தவ மதகுருமார் எனப் பலரும் அதில் சேர்ந்துகொண்டனர். கபன் அணிய முடியாதுபோன குழந்தைக்காக ஒரு வேலி கபன் அணிந்தது.

பின்னர் 2021 பெப்ரவரியின் பிற்பகுதியில், பாகிஸ்தான் பிரதமரின் வருகையை ஒட்டி, அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வெளியானது. டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் நீரின் இயல்போ வைரஸின் இயல்போ மாறிவிடவில்லை. மாறியது அரசியற் சூழ்நிலை. முதலில் இரணைதீவு தெரிவுசெய்யப்பட்டது. அத்தீவின் மக்கள் தமது மண்ணுக்கு இது ஆபத்தென அஞ்சி எதிர்த்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஓராண்டு காலமாக நாடு முழுவதற்கும் ஊட்டப்பட்ட அச்சம் அல்லவா அது! இறுதியில் மார்ச் 5ஆம் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அடுத்த ஓராண்டில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கப்பட்டனர். அவர்களுள் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை, கட்டாயத் தகனத்துக்காக முறைப்படி மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நீர்நிலைகளில் வைரஸ் கலப்பது நோயாளிகளின் மலசலத்தினாலேயே, பாதுகாப்பான அடக்கத்தினால் அன்று என்னும் ஆய்வு முடிவுகள் அப்போது எடுத்துக்காட்டப்பட்டன. உண்மை வந்து சேர்ந்தது. ஆனால் எரிந்தவர்களுக்கு அது பயன்படவில்லை.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது, விஞ்ஞானத்தை வெறுப்பதை அன்று. விஞ்ஞானமும் பல்கலைக்கழகமும் அரச கொள்கையும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பதையே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அடக்கக் கொள்கையில் அரசு, அறிஞரின் பெயரைத் தன் முடிவுக்குத் துணைகொண்டது. அதே காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் வைரஸின் மரபணு வரிசைகளை ஆராய்ந்து, புதிய திரிபுகள் நாட்டினுள் பரவுவதை அறிவித்து, அரசுக்கு வழிகாட்டியது. ஒரே நோய், ஒரே நாடு. ஒரு விடயத்தில் கொள்கை அறிவைப் பின்தொடர்ந்தது, மற்றொன்றில் அறிவைத் தன்பின்னே இழுத்துச் சென்றது.

கொள்கையும் பல்கலைக்கழகத்தைப் படைக்கிறது. நமது நாட்டின் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை அரச நிதியில் இயங்குபவை. உபவேந்தரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஆய்வுக்காக நாடு செலவிடும் தொகை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதமே. இத்தகைய சூழலில் ஒரு பேராசிரியர் அரசின் முடிவை மறுத்துப் பேசுவதற்குத் துணிவு வேண்டும். எல்லோரிடமும் அத்துணிவை எதிர்பார்ப்பது எளிது. அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பது கடினம். மறுபுறம், 1995இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானதும் ஒரு கொள்கை முடிவால்தான். யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படிப்பைத் தொடர முடியாதுபோன மாணவர்களுக்காக, மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் எழுந்தது அது. இன்று அது முழுமையான பல்கலைக்கழகம். சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகிறது. நம் பிள்ளைகள் மட்டுமன்றி எல்லா இனத்துப் பிள்ளைகளும் அங்கு கற்கிறார்கள்.

இந்தத் தொடர்பு அறுந்துபோனால் என்ன நேரும் என்பதை எங்கள் வீட்டிலேயே கண்டோம். 2021இல் தடுப்பூசி எங்கள் ஊருக்கு வந்தபோது, மாமி அதையும் மறுத்தார். "மண்ணைப் பத்திப் பொய் சொன்னவங்க ஊசியைப் பத்தி மட்டும் உண்மையா சொல்லுவாங்க?" என்றார். அவருக்கு எதிர்வாதம் செய்ய எங்களால் முடியவில்லை. ஒரு தவறான கொள்கை, அது தொட்ட இடத்தை மட்டும் பாதிப்பதில்லை. அதே வாயிலிருந்து பின்னர் வரும் உண்மைகளையும் நம்பமுடியாதவையாக்கிவிடுகிறது. ஊரைச் சேர்ந்த இளம் வைத்தியர் ஒருவர் வீட்டுக்கு வந்து மாமியின் அருகில் அமர்ந்தார். ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது, என்ன செய்யாது, எவருக்கு என்ன பக்கவிளைவு வரலாம் என்பதையெல்லாம் மறைக்காமல் கூறினார். மாமி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ போட்டியா மகன்?" என்று மட்டும் கேட்டார். வைத்தியர் தம் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். மறுநாள் மாமி சென்று போட்டுக்கொண்டார்.

சான்று கேட்பது நமக்குப் புதிதன்று. ஒரு செய்தியை எவர் கூறினார், எவரிடமிருந்து கேட்டார், அவர் நம்பத்தகுந்தவரா என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்த முஹத்திஸீன்களின் வாரிசுகள் நாம். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃ என்னுமிடத்தில் அங்கு கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி எட்டியது. அவர்கள் தனித்து முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்ஸாரிகளை அழைத்துக் கேட்டார்கள். குறைஷிகளின் மூத்தவர்களையும் கேட்டார்கள். கருத்து வேறுபாடு எழுந்தது. திரும்பிச் செல்லும் முடிவை அபூ உபைதா (ரலி) அவர்கள் முகத்துக்கு நேரே வினவினார்கள். கலீஃபா அதற்குக் காரணம் கூறி விடையளித்தார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நபி (ஸல்) அவர்களிடமிருந்து தாம் கேட்டதை எடுத்துரைத்தார்கள். சான்றும் மறுப்பும் முடிவும் மக்கள் அறிய நிகழ்ந்தன. பொதுநலக் கொள்கை எவ்வாறு வகுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு தேவையில்லை.

இங்கு நம்மை நாமே ஒரு முறை நிறுத்துப் பார்ப்பதும் கடமையாகும். அடக்கத்தை அனுமதிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியபோது அதனை நாம் கொண்டாடினோம். அதே நிறுவனம் கூட்டங்களைத் தவிர்க்குமாறும் தடுப்பூசி போடுமாறும் கூறியபோது, நம்மில் எத்தனைபேர் அதனைச் சதியென்று கூறும் செய்திகளை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தோம்? எங்கள் குடும்பக் குழுமத்திலும் அவை வந்தன. நாமும் ஓரிரண்டை வாசித்துப் பார்க்காமலே அனுப்பிவைத்தோம். நமக்குச் சாதகமானபோது மட்டும் சான்றை ஏற்பது, எரிக்கும் கொள்கையை வகுத்தவர்கள் செய்ததற்கு வெகு தூரத்தில் உள்ள செயலன்று.

மையித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, அடக்குவது ஆகிய நான்கும் பர்ளு கிஃபாயா என்பதை மத்ரஸாச் சிறுவரும் அறிவர். ஊரில் எவரும் செய்யாவிடின் ஊர் முழுவதும் குற்றவாளியாகும். அக்கடமை நம்மிடமிருந்து பறிக்கப்பட்டபோது நாம் துடித்தோம். ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் மருத்துவத்தையும் கணிதத்தையும் இதே பர்ளு கிஃபாயாவின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். தம் காலத்து ஊர்களில் மருத்துவம் கற்ற முஸ்லிம்கள் இல்லாதிருந்தும், மாணவர் யாவரும் சட்டவாதங்களையே நாடிச் சென்றதை எண்ணி அவர்கள் வருந்தினார்கள். மண்ணறைக் கடமையும் ஆய்வுகூடக் கடமையும் ஒரே தட்டில் இருப்பவை. இரண்டாவதில் நாம் காட்டும் அலட்சியம், ஒருநாள் முதலாவதையும் காக்க முடியாதவர்களாக நம்மை ஆக்கிவிடும்.

இக்கடமை வெறுமனே எண்ணிக்கையால் நிறைவேறுவதன்று. நிபுணர் குழுவில் நம்மவர் ஒருவர் இருந்தால் நமக்காகப் பேசுவார் என்பதற்காக மட்டும் பிள்ளைகளை அனுப்பினால், நாமும் அறிவை நமது பக்கம் இழுப்பவர்களாகிவிடுவோம். அன்று நமக்காக நின்றவர்கள் நமது இனத்துக்காக நிற்கவில்லை; உண்மைக்காக நின்றார்கள். நாளை வேறொரு சமூகத்தின் நம்பிக்கையோ வாழ்வாதாரமோ போலி விஞ்ஞானத்தின் பெயரால் நசுக்கப்படும்போது, நமது பிள்ளை எழுந்து "இதற்குச் சான்று எங்கே?" என்று கேட்க வேண்டும். சாட்சியம் ஓர் அமானத். அது உறவினருக்கும் அந்நியருக்கும் ஒன்றே.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பெரியவாப்பாவைச் சந்தித்து, இங்கு எழுதியவற்றைச் சுருக்கமாகக் கூறினோம். அவர் இடைமறிக்காமல் கேட்டார். உடன்பட்டதாகவும் கூறவில்லை, மறுக்கவுமில்லை. சற்று நேரம் கழித்து, "பிள்ளை எத்தனையாம் திகதி போறா?" என்று கேட்டார். திகதியைக் கூறினோம். "நானும் வாறன். பஸ்ஸுல பெட்டியைத் தூக்க ஆள் வேணுந்தானே" என்றார்.

அவரது புண் ஆறிவிட்டதென நாம் எண்ணவில்லை. அது ஆறுவதற்கு மன்னிப்புக் கடிதமொன்று போதாது. ஆயினும் புண்ணோடு ஒரு பெரியவர், தம் பேத்தியின் பெட்டியைச் சுமந்துகொண்டு பல்கலைக்கழக வாயில்வரை செல்ல முன்வந்திருக்கிறார். நம் சமூகமும் அவ்வாறே செல்ல வேண்டும் என விரும்புகிறோம்.

யா அல்லாஹ்! நெருப்பில் இடப்பட்ட எங்கள் மர்ஹூம்களுக்கு உன் சுவனத்தை அருள்வாயாக. அவர்களின் குடும்பங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக. எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதை அஞ்சாமல் உரைக்கும் நாவையும், எவருக்கும் அநீதி இழைக்காத நெஞ்சையும் தந்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.